தேறிய பெறுமதி

நியூயோர்க்கில் சந்தை மூடி மணி அடிக்கும்போது
கொழும்பில் இரவு ஒன்றரை.
இருபத்திரண்டாம் மாடி, ஏசிக் குளிர்.
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
பங்குகளுக்கு விலை போடத் தொடங்குவேன்.

பொஸ்டனில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட்.
அமெரிக்காவுக்கு வெளியே,
வளர்ந்த நாடுகளில் மட்டும்,
எவரும் திரும்பிப் பாராத கம்பனிகளாய்ப் பொறுக்கி வாங்கும்.
ஒசாகாவில் தூண்டில் முள் செய்கிறவர்கள்:
அவர்கள் வங்கியில் வைத்திருக்கும் காசைவிட
முழுக் கம்பனியும் மலிவு.
பெல்ஜியத்தில் உப்பு.
மிலானுக்கு வெளியே ஒரு சீமெந்து ஆலை,
சகோதரச் சண்டையில் பாதி விலைக்கு வந்தது.
ஒஸ்லோவில் எரிவாயு காவும் கப்பல்கள்.

"விலை வேறு, பெறுமதி வேறு, சூகன்"
என்பார் ஓல்ட்ஹம் தொலைபேசியில்.
சுகந்தினியின் பின்பாதி
அவர் வாயில் ஒருநாளும் விழுந்ததில்லை.
"வாங்கிவிட்டுச் சும்மா இரு. அவ்வளவுதான் வேலை."
சும்மா இருப்பதற்கும் முதல் வேண்டும்
என்று நான் சொல்லவில்லை.

அந்த ஃபண்டில் எனக்கு ஓர் அலகும் கிடையாது.
ஒருமுறை வங்கியில் கேட்டேன்.
கவுண்டரில் இருந்த நஸ்மியா
சுற்றறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
ஆகவே ஒரு சீஆர் கொப்பியில் வாங்கினேன்:
2017 பெப்ரவரி, நூறு அலகு,
பதினேழு டொலர் நாற்பது சதம்.
கீழே என் கையெழுத்து.
பங்கிலாபத்தைக்கூட விடாமல் எழுதிவந்தேன்.

ரூபாய் விழுந்த வருடம்
கொப்பியில் நான் பணக்காரி ஆனேன்.
டொலரில் ஃபண்ட் இறங்கித்தான் இருந்தது;
பெருக்கிப் பார்த்தால்
ரூபாயில் இரட்டிப்புக்கு மேல்.
பெருக்கிப் பார்த்தது பாண் கடை வாசலில்,
சில்லறை எண்ணி முடித்த பிறகு.

செட்டியார் தெருவில் சிவகடாட்சம்
என் பதக்கச் சங்கிலியை உரசினார், நிறுத்தார்,
தேய்வைக் கழித்தார், கல்லைக் கழித்தார்.
"நல்ல சாமான்" என்றார்.
அரைவாசி தந்தார்.
ஓல்ட்ஹமுக்கு இவரைத் தெரிந்திருந்தால்
விசா எடுத்துக் கொடுத்திருப்பார்.

வெள்ளவத்தையில் சிலிண்டர் வரிசை
காலி வீதிவரை போய் வளைந்து திரும்பியது.
ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்துவிட்டு
ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள்.
என்னுடையது நூற்றுப் பதினாலாவது,
கைப்பிடியில் சிவப்புத் துணி.
"காஸ் வந்திட்டுது, கப்பல் வெளியில நிக்குது,
டொலர் கட்டினாத்தான் இறக்குவாங்களாம்"
என்றான் முன்னால் நின்ற ஓட்டோக்காரன்.

அன்றிரவு மாடிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன்.
துறைமுகத்துக்கு அப்பால் தனியாக ஒரு விளக்கு.
மொபைலில் தேடினேன்:
ஹெல்விக் செலியா.
எனக்குத் தெரிந்த பெயர்.
என் பட்டியலில் நாற்பத்தோராவது வரி.
அந்தக் கம்பனியில் இரண்டு வீதம் ஃபண்டுக்குச் சொந்தம்.

காத்து நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும்
கப்பலுக்குத் தாமதக் கட்டணம்.
ஒஸ்லோவில் பங்கு மூன்று குரோனர் ஏறியிருந்தது.
இந்த ஒரு கப்பலால் ஏறியிராது, தெரியும்.
தெரிந்தும் விரல் விசையில் நின்றது.
பதியாமல் விட்டால் அலகுக்கு ஒரு சதம் பிழைக்கும்.
எங்கோ ஓர் ஓய்வூதியக்காரருக்கு
அவர் அறியாமலே குறையும்.
பதிந்தேன்.
இரண்டு தரம் சரிபார்த்து அனுப்பினேன்.

பிறகு கொப்பியைத் திறந்தேன்.
நூறு அலகு, ஒவ்வொரு சதம்.
எனக்கும் ஒரு டொலர்.

விடிய முதல் கோச்சியில்
கடல் பக்கம் இருந்தேன்.
விளக்கு அணைந்து கப்பல் முழுதாய்த் தெரிந்தது,
எதிர்பார்த்ததைவிடப் பெரிது, துருப்பிடித்தது.
ஓல்ட்ஹம் சொன்னதுபோலவே
சும்மா நின்றது.

வெள்ளவத்தையில் இறங்கி
வரிசைக்குப் போனேன்.
சிவப்புத் துணி
மூன்று இடம் முன்னால் வந்திருந்தது.
யார் நகர்த்தினார்களோ.