இடது பின்விளக்கு

வியாழன் இரவு, வெய்னோவின் கொட்டகை.
நாங்கள் நான்கு பேர், மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று.
வெளியே டுலூத் நகராட்சி தெருவெல்லாம் உப்பு இறைக்கிறது.
உப்பைத் தின்ற தகரம் துருவைக் குடிக்கும்;
அதனால் ஜனவரியில்
நல்ல வண்டிகளைப் பற்றிப் பேச
கெட்ட வண்டிகளில் வருகிறோம்.

"குடும்ப வண்டிக்கு எதற்கடா இத்தனை வேகம்?"
மறுபடியும் கேட்கிறாள் மார்லிஸ்.
கேட்க அவளுக்குத் தகுதியில்லை.
துணி துவைக்கும் இயந்திரத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு
பழைய வால்வோவில்
ஒரு கொர்வெட்டை முந்தியவள்.
அந்த மனிதன் அடுத்த சிக்னலில்
அவளைப் பார்க்கவில்லை,
துணி இயந்திரத்தைப் பார்த்தான்.

ஆர்லின் ஒன்பது வருடம் காத்திருந்தான்.
ஜப்பானில் பிறந்த அந்த ரக வண்டி
இந்த மண்ணை மிதிக்க
இருபத்தைந்து வயது நிரம்பவேண்டும்.
மாப்பிள்ளைக்குக்கூட இப்படி வயது பார்த்ததில்லை எவரும்.
அதற்குள் அவன் மகள் லைசன்ஸ் வாங்கினாள்,
மனைவி ஃபார்கோவுக்குப் போனாள்,
யென் இறங்கியது,
யென் இறங்கியதும் எல்லாரும் வாங்கப் போய்
வண்டி விலை ஏறியது.

டகோமா துறைமுகத்தில் இறங்கி லாரியில் வந்தது,
வெள்ளி நிற ஸ்டேஜியா.
இருக்கைக்கு அடியில்
ஒரு சுங்கச்சாவடி ரசீது,
ஒரு சிறுமியின் கொண்டை ஊசி.
ஊசி இன்னும் சாம்பல் கிண்ணத்தில் கிடக்கிறது.
அவன் சிகரெட்டை விட்டுவிட்டான்.

ஸ்டியரிங் வலப்பக்கம்.
காபிக் கடை ஜன்னலில்
இடப்பக்கம் உட்கார்ந்து கோப்பையை வரவேற்பது நாய்.
கடைக்காரப் பெண் இப்போதெல்லாம்
நாயின் பெயரையே கோப்பையில் எழுதுகிறாள்.

மணிக்கு நூற்றைம்பது மைல் போகக்கூடியதை
அக்டோபரில் வீழ்த்தியது
மளிகைக் கடையின் தள்ளுவண்டி.
ஏரிக்காற்று உருட்டிவந்து இடித்தது.
இடது பின்விளக்கு, குறுக்காக விரிசல்.

நாகோயாவில் ஒருவன் நானூறு டாலர் என்றான்,
விமானத்தில் அனுப்ப ஐந்நூறு.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
ஆக்லாந்தில் ஒருத்தியிடம் வலது உண்டு.
துபாய்க்காரனிடம் இரண்டு இருக்கின்றன,
இரண்டும் வலது.
உலகம் முழுக்க இடதைத்தான் உடைக்கிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது
எங்களில் யாரும் மேல் அலமாரியைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்கக் கஷ்டப்பட்டோம்.
நீலத் துண்டில் சுற்றி அங்கே ஒன்று
பதினொரு வருடமாக இருக்கிறது.
வண்டி வாங்குவதற்கு முன் விளக்கு வாங்கியவன் வெய்னோ.
விளக்கு, கதவுக் கைப்பிடி இரண்டு,
பெட்டி பிரிக்காத டர்போ கேஸ்கெட்.
தொட்டில் செய்து வைத்த பிறகுதான்
பிள்ளையின் விலை மூன்று மடங்கானது.

ஹீட்டர் புகைந்தது.
வெய்னோ ஏணியை எடுத்தான்.
துண்டைப் பிரிக்காமல் பெஞ்சில் வைத்து,
"அறுநூற்றைம்பது" என்றான்.
"தபால் செலவு முப்பது."

கொட்டகைக்கும் ஆர்லின் வீட்டுக்கும் நடுவே மூன்று தெரு.
அலமாரியிலிருந்து பெஞ்சுக்கு ஆறடி.
ஆர்லின் வாயைத் திறந்தான், மூடினான்,
அறுநூற்று எண்பது எண்ணிக் கொடுத்தான்.
யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக்கூடாது.

மறுநாள் உப்பென்றும் பாராமல்
வண்டியை ஓட்டிவந்தான்.
நான்கு நட்டு, ஒரு பிளக்.
"பிரேக்கை மிதி" என்றான் வெய்னோ,
பனியில் நின்று.
சிவந்தது.
"இன்னொரு தடவை."
சிவந்தது.
"விடாதே, பிடி."
அவன் கால்சட்டை முழங்கால்வரை சிவப்பாக இருந்தது.
எத்தனை நேரம் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை,
நாய்தான் சலித்துப்போய்க் குரைத்தது.

இண்டிகேட்டர் எரியவில்லை என்று
மார்லிஸ்தான் கண்டுபிடித்தாள்.
பல்ப் போயிருக்கிறது.
ஒன்றரை டாலர்.
வெய்னோவிடம் இருக்கிறது, சொல்லமாட்டான்.