மாநாட்டுக் கணக்கு

நூற்றிருபது சோற்றுப் பார்சல் சொன்னது நான்.
வந்தவர் எண்பத்தேழு.
மிச்சம் முப்பத்துமூன்றையும்
கிண்ணியாச் சாரதி சப்றி
பஸ்ஸின் பின்சீற்றில் அடுக்கினான்.
"பசிக்காத ஊரா மிஸ் இது?"

பதாகையில் கற்றலில் ஒரு ற் விழுந்து
கறல் என்று நின்றது.
அதன் கீழேதான் குத்துவிளக்கு ஏற்றினோம்.

இரண்டாம் நாள் ஊர் பார்க்கக் கூட்டிப்போனேன்.
கோட்டை வாசலில் கல்லில் வெட்டிய மீன்கள்,
கோயிற் கல் கோட்டைக் கல்லான கதை.
என் ஆங்கிலத்தில் அதைச் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு மான்
ஜப்பான் பேராசிரியரின் ஆய்வுச் சுருக்கத்தைத்
தின்று முடித்திருந்தது,
உசாத்துணைப் பட்டியல் உட்பட.

நிக்தே மட்டும் சிரிக்கவில்லை.
யுகட்டானிலிருந்து மூன்று விமானம் மாறி வந்தவள்.
போன முறை மாநாடு அவளூரில்;
மாயன் கோபுரத்தின் படிக்கட்டு தெரிகிறமாதிரி
மண்டபம் பிடித்தார்களாம்.
"படியடியில் பொம்மை விற்ற பிள்ளைகள்
எங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள்.
உள்ளே அதில் ஒருவரும் பேசவில்லை"
கொஞ்சம் பொறுத்து,
"நானும்தான்."

கன்னியாவில் ஏழு கிணறு.
ஒவ்வொன்றிலும் அள்ளிக் காலில் ஊற்றிப் பார்த்தவள்
கல்லில் ஈர விரலால்
ஒரு கோடு கீறி, மேலே இரண்டு புள்ளி வைத்தாள்.
அவர்களின் ஏழு.
உங்களுடையது எப்படி என்றாள்.

கல்வியியலில் கலாநிதி நான்.
எ மாதிரி ஏதோ ஒன்று,
வளைவு எந்தப் பக்கம்?
கைபேசியைத் தூக்கிச் சிக்னல் தேடினேன்.
வருவதற்குள்
அவளுடைய ஏழும் காய்ந்துவிட்டது.

அவள் பெயருக்கு என்ன கருத்து என்று கேட்டதற்கு
விடுதி வாசல் ஈழத்தலரியைக் காட்டினாள்.
மரமே அவள் பக்கத்திலிருந்து வந்ததாம்.
நாங்கள்தான் ஈழம் என்று பேர் போட்டிருக்கிறோம்.

இன்றிரவு உப்புவெளியில் கணக்கு முடிக்கிறேன்.
ஒலிபெருக்கி வாடகை.
மான் தின்ற தாளுக்கு மறுபிரதி.
சப்றி எந்தத் தெருவில் இறக்கினானோ, அந்த முப்பத்துமூன்று;
தலைப்பு கிடைக்காமல் "இதர" என்று போட்டேன்.
மீதி என்ற கட்டத்தில்
பூச்சியம் போட வேண்டும்.

பூச்சியத்துக்கு அவர்கள் சிப்பி வரைவார்களாம்.
போகும்போது கரையில் பொறுக்கிய ஒன்றைத்
தந்துவிட்டுப் போனாள்.

கட்டத்தில் வைத்துப் பார்த்தேன்.
எடுத்தபோது
தாளில் கொஞ்சம் மணல்.
தட்டிவிடாமல்
அப்படியே கோப்பை மூடினேன்.