ஓம்புயிர்

நாற்பத்தொன்றாம் வௌவால்.
பெண். வளர்ந்தது. பால் கொடுக்கிறது.
ரூவா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
கணுக்கால் புதைய எச்சம். முக்காட்டுக்கு மேல் முகமூடி.
ஷிமோனியின் பவளப்பாறைக் குகை
நெற்றி விளக்கில் மூச்சுவிடுகிறது.

தோல் கையுறைக்குள் அது கடிக்கிறது, திட்டுகிறது.
இடுக்கி ரோமத்தை விலக்க
ஓடுகிறது ஒன்று, பக்கவாட்டில், நண்டு மாதிரி.
சிறகில்லாத ஈ.
சிலந்தி என்றுதான் முதல் நாள் அலறினேன்.
மடக்குக் கத்தி போலத்
தலையை முதுகுப் பள்ளத்தில் மடித்து வைத்திருக்கும்.

முட்டையிடாது இது, என்றார் ரூவா.
வயிற்றுக்குள்ளேயே ஒரே ஒரு புழு,
வயிற்றுக்குள்ளேயே பால்.
நிறைமாதத்தில் வௌவாலின் சூட்டை விட்டு இறங்கி
ஈரச் சுவர் வரை நடந்து
பிள்ளையைக் கல்லில் ஒட்டிவிட்டுத்
திரும்ப ஓடும்.
திரும்பிப் பார்க்குமா என்றேன்.
கண்ணே சரியாக இல்லை அதற்கு, என்று சிரித்தார்.

பதினொரு மணி இருக்கும்.
உகுண்டாவில் அக்கா வீட்டில்
என் மகன் பசித்து அழும் நேரம்.
புட்டிப்பாலைத் துப்புகிறானாம்.
குகைக்குள் சிக்னல் கிடையாது.
ஆனாலும் யாரோ கூப்பிட்டதுபோல்
மேலாடை நனைந்தது.
பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுதினேன்:
ஈக்கள் ஆறு. அதில் பெண் நான்கு.

வாசலில் முன்னோர்க்குக் கட்டிய துணிகள்,
சிவப்பு, வெள்ளை, கறுப்பு. பக்கத்தில் பன்னீர்க் குப்பி.
எதுவும் வேண்டிக்கொள்ளாமல் கடந்தேன்.
சம்பளம் வெள்ளிக்கிழமைதான்.

மட்டாட்டு வண்டியில்
மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆள் நான்.
முழங்கை மடிப்பில் ஏதோ நடந்தது.

அதுதான்.
என் சட்டைக் கைக்குள் இவ்வளவு நேரம் தேடியிருக்கிறது.
முடி போதவில்லை, சூடு சரியில்லை,
என் ரத்தம் அதற்குப் பாஷை தெரியாத ஊர்.
ஜன்னல் வழியே தட்டிவிடலாம்;
வௌவால் இல்லாத இரவை அது தாண்டாது.
வயிறு உருண்டிருந்தது.

சாராயக் குப்பியைத் திறந்தேன். மூடினேன்.
ம்சம்ப்வேனி தாண்டும்வரை
உள்ளங்கையைக் கூடாக்கி வைத்திருந்தேன்.
கண்டக்டர் சில்லறை கேட்டபோது
மற்றக் கையால் கொடுத்தேன்.

பிறகு திறந்தேன்.

எங்கே கிடைத்தது என்று எழுதியாக வேண்டும், விதி.
மடியில் பலகை குதிக்கக் குதிக்க
கோணல்மாணலாக எழுதினேன்:

மாதிரி இருநூற்றுப் பதினேழு.
ஓம்புயிர்: மேஜுமா.
பெண். வளர்ந்தது.
பால் கொடுக்கிறது.