ஒரு தொட்டி, இரண்டு வாளி

ஆளுக்கு மூன்று காய்ந்த பட்டாணி.
பிடித்த பியரின் சாடியில் போடலாம்,
மூன்றையும் ஒன்றிலேயே போட்டாலும் தப்பில்லை.
சாரெமா தீவில், படகு நிற்கும் கடைசி ஊரில்
வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் தேர்தல்.
எண்ணுவது என் வேலை.
பிளந்து கிடந்த ஒரு பட்டாணியின் இரு பாதியை
ஒன்று என்றே கணக்கில் வைத்தேன்,
யாரும் கேட்கவில்லை.

பதினான்கு சாடி.
கௌப்போ நாற்பத்தொன்று, அவன்தான் முதல்.
ஹல்லிகி இருபத்துமூன்று.
தார்வோ இருபது.
பேனாவை மூடிவிட்டுக் கோட்டை மாட்டியிருப்பேன்,
உர்வே வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.
"அவங்க ரெண்டு பேருக்கும் தொட்டி ஒண்ணுதானே?"

ஒன்றுதான்.
விவாகரத்தில் வீடு அவளுக்கு, டிராக்டர் அவனுக்கு.
மரத்தொட்டியைப் பிளந்தால் இருவருக்கும் விறகுதான் மிஞ்சும்
என்று வக்கீலே சொல்லிவிட்டாராம்.
ஆகவே ஜூன் முதல் சனிக்கிழமை வருகிறான்,
தான் வைத்த கதவைத் தானே தட்டி,
பூட்ஸைக் கழற்றிவிட்டு, விருந்தாளி போல.
ஒரே மால்ட். ஒரே கிணறு.
அடியில் பரப்பிய ஒரே ஜூனிப்பர் கிளை.
வடியும் இனிப்புச் சாற்றை
இரண்டு வாளியில் பிடித்துக்கொண்டு
ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

அதற்கப்புறம்தான் வேறு.
அவள் ஈஸ்ட் பக்கத்துப் பண்ணையில் கடன் வாங்கியது,
பதினோரு வருஷமாகத் திருப்பித் தராதது.
அவனுடையது கடையில் விற்கும் நீலப் பொட்டலம்,
ரொட்டிக்குப் போடுவார்களே, அது.

விதி நான்கு: ஒரு தொட்டி, ஒரு பியர்.
ஐவார் ஒருமுறை தன் ஒரே பியருக்கு
நாலு நிற ரிப்பன் கட்டி நாலு மேசையில் வைத்தான்.
அந்த ஆத்திரத்தில் நானே எழுதியது.
இப்போது என் கையெழுத்தே என்னை முறைக்கிறது.
கூட்டினால் நாற்பத்துமூன்று.
பரிசு ஆட்டுக்கிடா வெளியே கத்துகிறது,
அதற்கு எந்தக் கணக்கும் சம்மதம்.

லெம்பிட் மேசையைத் தட்டினார்:
"பால் ஒண்ணா இருந்தா என்ன,
உறை வேறன்னா தயிர் வேற."
உர்வே விடுவாளா.
"அப்ப பாதியைப் பீப்பாயிலயும் பாதியைப் பாட்டில்லயும் வச்சா?
ஒண்ணை நேத்தும் ஒண்ணை இன்னைக்கும் திறந்தா?"
"அப்படிப் பார்த்தா," என்றார் லெம்பிட்,
"மத்தியானம் நான் குடிச்சதும் இப்ப குடிக்கிறதும் ஒண்ணில்ல.
குடிச்ச ஆளே ஒண்ணில்ல."

இரண்டையும் ஊற்றினேன்.
அவனுடையதில் வாழைப்பழ வாசம், கொஞ்சம் கிராம்பு,
வெட்கமில்லாத நுரை.
அவளுடையதில் ஈர வைக்கோல்,
கடைசியில் ஒரு புளிப்பு,
சொல்ல வந்ததை விழுங்கிவிட்டது போல.
இரண்டுக்கும் அடியில், ஆமாம்,
அதே கருகிய ரொட்டி விளிம்பு.
நாக்கு சாட்சி சொல்லும், தீர்ப்புச் சொல்லாது.

கூப்பிட்டுக் கேட்டோம்.
கூட்டினால் கிடா உங்களுக்கு என்றேன்.
"கூட்டாதீங்க," என்றாள்.
"கூட்டாதீங்க," என்றான்.
ஒரே மூச்சு, ஒரே எரிச்சல்,
'கூ'வில் விழுந்த ஒரே அழுத்தம்.
மூன்று வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது
இதில்தான் என்று நினைக்கிறேன்.
உர்வே என் பக்கம் சாய்ந்து
"தொட்டி ஒண்ணுதான்," என்றாள் மெதுவாக.

இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் போகவில்லை.
கௌப்போ கிடாவை வேனில் ஏற்றப் பார்த்தான்,
அது மறுத்தது.
விதி நான்கை அடித்துவிட்டு எழுதினேன்:
ஈஸ்ட் வேறானால் பியர் வேறு.
மை காயவில்லை, வாசலில் நின்றபடி லெம்பிட் கேட்டார்:
"வர்ற ஜூன்ல பொட்டலம் தீர்ந்துபோய்
அவகிட்டயே ஒரு கரண்டி ஈஸ்ட் கேட்டான்னா?"

விதி ஐந்து என்று எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.