பதினொரு நிமிடம்

பொத்தானை அமத்திவிட்டுக்
கேத்திலை வைப்பேன்.
தண்ணி கொதித்து, தேயிலை ஊறி,
பால்மா கரைந்து, அரைக் கோப்பை குடித்த பிறகுதான்
திரையில் அந்த வட்டம்
சுற்றுவதை நிறுத்தும்.
பதினொரு நிமிடம். மணிக்கூடு வைத்துப் பார்த்தேன்.

"தூக்கி எறியுங்கோ" என்கிறாள் வதனி.
எறியலாம். ஆனால் வெளியே
சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
வின்னிபெக்கில் கார்களே
இரவெல்லாம் மின்கம்பியைக் கடித்துக்கொண்டு கிடந்துதான்
விடிய உறுமுகின்றன.
பெட்டி ஒன்று சுணங்கினால் என்ன குற்றம்?

ஞாயிற்றுக்கிழமை. இரவு வேலை இல்லை.
முதலில் மூடியைக் கழற்றினேன்.
விசிறியில் கம்பளி போலத் தூசி,
தூசிக்குள் போன கோடையின் நுளம்பு.
ஊதினேன். தும்மினேன். பூட்டினேன்.
பதினொரு நிமிடம்.

பிறகு,
பெட்டி எழும்பும்போது கூடவே எழும்புகிறவர்களின் பட்டியல்.
கலியாண வீடு தோற்றுப்போகும்.
மாப்பிள்ளை வர முன்னமே பந்தியில் குந்திவிட்ட சனம்:
எப்போதோ விற்ற பிரிண்டருக்கு மை பார்க்க ஒன்று,
எட்டாம் வகுப்பில் ஆரணி விளையாடிய பண்ணைக்குத்
தண்ணீர் ஊற்ற ஒன்று,
ஐந்து வருடம் முந்திய வருமான வரிக்கு
இன்னும் காத்திருக்கிற ஒன்று,
வைரஸ் பிடிக்க இரண்டு.
அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.
எல்லாரையும் கைகழுவ அனுப்பினேன்.
ஏழு நிமிடம்.
"முன்னேற்றம் உண்டு" என்றாள் வதனி,
பள்ளி றிப்போட்டில் எழுதுவதுபோல.

உள்ளே சுழலும் வட்டுக்கு வயது போய்விட்டது,
மூன்று நிமிடம் அதற்கு விட்டுக்கொடுக்கலாம்.
மற்ற நாலு?

நடுச்சாமத்துக்குக் கிட்டப் பதிவேட்டைத் திறந்து
வரிவரியாய் விரல் வைத்து வாசித்தேன்.
அங்கே கிடந்தது.
கண் முழித்த உடனே
இது ஒரு கதவைத் தட்டுகிறது:
'குகநேசன் – படங்கள்.'
பதில் இல்லை.
கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டுகிறது.
பதில் இல்லை.
நாலு நிமிடம் வாசலில் நின்றுவிட்டு
ஒரு முறைப்பாடும் இல்லாமல் திரும்பி வந்து
எனக்கு வணக்கம் சொல்கிறது.

குகநேசன்
எங்கள் நிலவறையில் மூன்று வருடம் இருந்தவன்.
இந்தப் பெட்டியைப் பூட்டித் தந்ததே அவன்தான்.
படியோரமாய் நீலக் கம்பி இழுத்துத்
தன்னுடையதோடு இதை இணைத்தான்.
"அண்ணை, கீழே இறங்கிற படத்தை
மேலேயிருந்து பாருங்கோ."
பார்த்தோம்.
சண்டைக் கட்டம் வந்தால்
கீழே ஒரு விசில், மேலே ஒரு விசில்.

பிறகொரு மார்ச் மாதம்
இரண்டு மாத வாடகைப் பாக்கியையும்
ஒரு சோடி பனிச் சப்பாத்தையும் விட்டுவிட்டுச்
சொல்லாமல் கொள்ளாமல் போனான்.
ஃபோர்ட் மக்மரி என்றார்கள். கல்கரி என்றும்.
அந்தக் கோபத்தில் அவன் இலக்கத்தை அழித்தேன்.
பெட்டிக்கு ஒருவரும் சொல்லவில்லை.

'இணைப்பைத் துண்டிக்கவா?'
அம்புக்குறியை அதன்மேல் வைத்தபடி
சும்மா இருந்தேன்.
சப்பாத்தை நான் இன்னும் எறியவில்லை என்பது
ஏனோ ஞாபகம் வந்தது.
ஆம் என்று அமத்தினேன்.

இரண்டு நிமிடம் ஐம்பது செக்கன்.
வதனி கைதட்டினாள்.
கேத்தில் இன்னும் கொதிக்கவே தொடங்கவில்லை.

விடிய, சூடாக்கியின் வடிகட்டி மாற்ற
நிலவறைக்கு இறங்கினேன்.
அறையில் ஒருவரும் இல்லை என்று தெரியும்.
தட்டிவிட்டுத்தான் திறந்தேன்.