நக்கக் கூடாத நாட்கள்

வெட்டக் கூடாது. நுணுக்கக் கூடாது.
தண்ணீரில் கரைக்கவும் கூடாது.
டொக்டர் சொல்லச் சொல்ல
சேந்தன் எழுதிக்கொண்டிருந்தான்,
கார் காப்புறுதி உறையின் பின்பக்கத்தில்.
பிறகு அவர் என் வயிற்றைப் பார்த்தார்.
ஐந்து மாதமா என்று கேட்டார்.
நீங்கள் தொடவே வேண்டாம் என்றார்.

குளிசையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.
குளிசையை, அது கிடக்கும் போத்தலை,
தின்ற கோப்பையை, படுத்த துணியை,
மூத்திரத்தை, சத்தியை,
கொடுத்த நேரத்திலிருந்து மூன்று நாள்
அதன் நாக்கை.

புக்கை என்று பெயர் வைத்தவள் நான்.
சர்க்கரை கொஞ்சம் கூடிப்போன புக்கையின் நிறம்.
வேண்டாம் என்றவன் அவன்.
சோற்றில் மயிர் விழும் என்றான்,
சஸ்கட்டூன் குளிரில் ஆர் வெளியே கொண்டுபோறது என்றான்,
ஆறு வருசமாக
"உன்ர நாய்" என்றே சொன்னான்.

திங்கள் இரவு ஏழரை.
மேசையில் எறிந்துவிடும் தாள், நீலக் கையுறை,
வாய் இறுக்கும் பை ஒன்று.
சமையலறை வாசலில் நான்,
பனிச் சப்பாத்துகளை வரிசையாக அடுக்கி
அதற்கு இந்தப் பக்கம்.

முதல் திங்கள் சீஸ் போனது.
குளிசை போகவில்லை.
துப்பிய சத்தம்கூடக் கேட்கவில்லை,
குளிர்பெட்டியடியில் உருளுகிற சத்தம்தான்.
சேந்தன் டோர்ச்சோடு குப்புறப் படுத்தான்.
"இடப்பக்கம். இன்னும் உள்ளுக்கு."
கதவுநிலையைப் பிடித்தபடி நான் கத்தினேன்.
எடுத்தபோது பூச்சு பாதி கரைந்திருந்தது.
போனில் ஒரு பெண், நித்திரைக் குரலில்:
திருப்பிக் கொடுக்காதீர்கள்.
இன்னொன்றும் கொடுக்காதீர்கள்.
விடியட்டும், டொக்டரைக் கேட்போம்.
நிலத்தைத் துடைத்தான். துடைத்த தாளைப் பையில் போட்டான்.
கையுறையை உள்பக்கம் வெளியே வர உரித்தான்.
கைகழுவ நின்றவன்
வெகுநேரம் பைப்பை மூடவில்லை.

அடுத்த திங்கள் டின் மீனில் மூன்று உருண்டை.
முதலாவது சும்மா.
இரண்டாவதற்குள் அது.
மூன்றாவதை மூக்குக்கு முன்னால் ஆட்டினான்;
அதைப் பிடிக்கிற அந்தரத்தில்
இரண்டாவது இறங்கிவிட்டது.
"கள்ளன்," என்றேன்.
யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வேலி மூலையில் உடைந்த ஹொக்கித் தடி ஒன்றை நட்டு
அங்கேதான் போக வேண்டும் என்று பழக்கினான்.
இரவில் இரண்டு தரம் எழும்புகிறான்,
மருந்து மூத்திரப்பையில் தங்கினால் புண்ணாக்குமாம்.
மஞ்சள் பட்ட பனியை அள்ளிப் பையில் கட்டுகிறான்.
இங்கே பனி எதையும் விழுங்குவதில்லை,
வைத்திருந்து சித்திரையில் திருப்பித் தரும்.
அப்போது எங்கள் பிள்ளை பிறந்திருக்கும்.

புக்கைக்கு இதெல்லாம் விளங்கவில்லை.
பந்தைக் கொண்டுவந்து சப்பாத்துகளுக்கு மேலால் போடுகிறது.
எச்சில் பளபளக்கும் பந்து.
நான் காலை இழுத்துக்கொள்கிறேன்.
அது பந்தைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது,
பிறகு ஒரு தரம் குரைக்கிறது.
உள்ளே ஒன்று உதைக்கிறது.

நேற்று, புதன் இரவு,
நாயின் துணிகளைத் தனியாக மெசினில் போட்டுவிட்டு
கீழ்த்தளத்தில் அவன் பேசுவது கேட்டது.
ஆரோடு என்று படியில் நின்று கேட்டேன்.
"அழாதை. நாளைக்கு வியாழன் எல்லே.
நாளைக்குக் கொம்மா வருவா."

இன்று ஏழு இருபது.
இன்னும் பத்து நிமிசம்.
குனிய முடியவில்லை;
சப்பாத்துகளைக் காலாலேயே
ஒவ்வொன்றாகத் தள்ளுகிறேன்.