சிவப்புக் குச்சி

புயல் போய் மூன்றாம் நாள்
திருக்கடலூர்க் கரையில் கடல்
இரண்டு முழ மணலைக் கழற்றிக்கொண்டு போயிருந்தது.
கீழே இன்னொரு கரை கிடந்தது, கறுப்பாய்,
யாரும் இன்னும் மிதிக்காமல்.

ஆறு மணிக்கே இறங்கிவிட்டேன்.
கோட்டையிலிருந்து வந்த மான்கள் நாலு
கிழிந்த வலையை முகர்ந்துகொண்டு நின்றன.

என் மெஷின் பழசு. பஞ்சிகாவத்தையில் பேரம்பேசி வாங்கியது.
தட்டில் விரிசல், கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.
காது மட்டும் என்னுடையது.
ஒன்பது வருஷம் சம்பூரில்
ஒரு மீற்றர் அகலப் பாதையில்
முழங்காலில் நின்று பழக்கிய காது.

அங்கே சத்தம் வந்தால் மூச்சு நிற்கும்.
இங்கே சத்தம் வந்தால் சோறு.
கைக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன், விளங்கவில்லை.
அது இன்னும் பக்கவாட்டில்தான் தோண்டுகிறது,
ஒரு சாண் தள்ளி, சரித்து,
விரலால் மணலைத் தடவித் தடவி.
'பியர் மூடிக்கு இவ்வளவு மரியாதையோ அக்கா?'
ஐஸ்பெட்டி நிப்றாஸ் கேட்டுவிட்டுப் போனான்.

மூடி பதினேழு.
வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு ஒரு கைப்பிடி.
நாலு முகமுள்ள பித்தளை ஆணி,
எந்தக் கப்பலென்று ஆணி சொல்லவில்லை.
எட்டு மணிக்கு ஒரு செப்புக்காசு.
நகத்தால் பச்சையைச் சுரண்ட
ஒன்றின்மேல் ஒன்று ஏறிய மூன்று எழுத்து:
ஒல்லாந்தனின் கம்பனி.
கூலியென்று யாருக்கோ எண்ணிக் கொடுத்தது.
இடுப்பு முடிச்சிலிருந்து இது நழுவிய அன்றைக்கு
ஒரு வீட்டில் உலை வைத்திருக்கமாட்டார்கள்.

உப்புவெளி ஹோட்டல்காரன் நாலாயிரம் தருவான்.
சட்டப்படி இது தொல்பொருள் கந்தோருக்கு.
சட்டைக்குள் போட்டேன். மத்தியானம் யோசிக்கலாம்.

பிறகுதான் பேரின்பம் வந்தார்.
வள்ளம் தென்னையடியில் குப்புறக் கிடக்கிறது,
இஞ்சினைக் காணவில்லை.
பதினைந்து குதிரை. லீசிங் இன்னும் பதினொரு மாதம்.
'பழசைத்தான் தேடுவியோ பிள்ளை,
முந்தாநாள் துலைஞ்சதைத் தேடமாட்டியோ?'

வாடி இருந்த இடம்.
வாடியின் கூரை போய் விழுந்த இடம்.
உடைந்த கிணற்றுக்கட்டுக்கு அப்பால்
மெஷின் அலறியது, காதிலிருந்து கழற்றும் அளவுக்கு.
பெரிய இரும்பு. முழங்கை ஆழம்.
என்னவென்று தெரியும். தெரிந்தும்
என் கை பைக்குள் போய்,
தலையில் சிவப்புப் பூசிய குச்சி ஒன்றை எடுத்து
மணலில் நட்டுவிட்டது.

கரை நின்றது.

வலை இழுத்தவர்கள் கயிற்றோடு நின்றார்கள்.
நிப்றாஸ் வந்த தடத்திலேயே
சைக்கிளைப் பின்னால் உருட்டினான்.
யாருடைய பிள்ளை என்று பாராமல்
ஒருத்தி ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.
பேரின்பம், தன் இஞ்சினை விட்டு,
தன் காலடிகளிலேயே கால் வைத்து வைத்து
ஆறடி பின்வாங்கினார்.
ஒரு மான் மட்டும் கிட்ட வந்து
சிவப்பை நக்கிப் பார்த்தது.

'இஞ்சின்தான் அண்ணை' என்றேன்.
இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.
குச்சியைப் பிடுங்கிப் பைக்குள் வைத்த பிறகும்
கொஞ்ச நேரம் ஒருவரும் வரவில்லை.
நானே தோண்டினேன், பக்கவாட்டில்.

பிறகு பத்துப்பேர் தூக்கினார்கள்.
மணலும் உப்புத்தண்ணியும் கக்கியது.
விசிறியில் யாருடையதோ பாவாடை.
நல்லதண்ணியில் கழுவு, இல்லை, முதலில் எண்ணெய்,
ஆளுக்கொரு மெக்கானிக் ஆனார்கள்.
பிளேன்ரீ வந்தது. கடல் அடங்கினால்
ஒரு பாரைமீன் என்றார் பேரின்பம்,
என் முகத்தைப் பாராமல்.

காசு வேர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.
பிய்த்து எடுத்தேன்.
தோலில் பச்சையாய் ஒரு வட்டம்,
மூன்று எழுத்தும் இடம்வலம் மாறி.
குளித்தால் போகும்.

உப்புவெளி பஸ் ஒன்றரைக்கு.
கந்தோர் நாலு மணிவரை.